வாழைக்குப் போகாத தண்ணீர்

படகில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். தடுக்கப் பிள்ளைகள் இல்லை, நானும் ஏறிவிட்டேன். எல்லாம் சுகம்தான், நல்ல தண்ணீர் மட்டும் பஞ்சம். குவளையில் அளந்து அளந்துதான் குளியல். குழாயைத் திறந்துவிட்டு நான் பேச்சில் நின்றால் மனுஷன் துடித்துப்போவார்.

இந்தக் கோடையில் படகைக் கொச்சியில் கட்டிப்போட்டுவிட்டு, குமுளி வழியாக மலையிறங்கி, சுருளிப்பட்டியில் என் அண்ணன் வீட்டுக்கு வந்தோம். கரையில் கொஞ்ச நாள் சும்மா கிடப்பது, அவ்வளவுதான் திட்டம். வந்த மறுநாளே மதினிக்கு மதுரையில் ஆபரேஷன். கிளம்பும்போது அண்ணன் தோட்டத்துப் பக்கம் கை காட்டினார்.

“புதுசா வாழக்கன்னு வச்சிருக்கேன்த்தா. கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடும், போனா தானா நிக்கும். தொட்டி நெறஞ்சு வழியிறது வாய்க்கால்ல போயி வாழக்குப் பாஞ்சுக்கிரும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போயி நல்லாக் குளிங்க.”

தொட்டியில் இறங்கிக் குளித்தோம். அடேயப்பா, அதுவல்லவா குளியல்! குழாய்த் தண்ணீர் முதுகில் அறைய அறைய, கடல் உப்பெல்லாம் அன்றுதான் உடம்பை விட்டுப் போனது. ஏறி வந்து தென்னை நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். அவர் தலை துவட்டிக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். விளிம்பு தாண்டித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு தண்ணி வீணாப் போகுது பாரு,” என்று மோட்டார் அறைக்குள் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அண்ணன் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. படகுப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

அவரை விடுங்கள், அவர் வேற்றூர்க்காரர். நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். மோட்டார் நின்றது எனக்கு நன்றாகக் கேட்டது. ‘அப்பாடா, என்ன அமைதி’ என்று புரண்டு படுத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பாவி!

தினமும் இதே கதைதான். மறுநாள் கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும், நாங்கள் குளிப்போம், அவர் நிறுத்துவார். பிறகு அருவிக்கு ஒரு நடை, கம்பத்துக்கு பஸ் ஏறிப் போய் பன்னீர் திராட்சையும் சூடான பரோட்டாவும். மோட்டார் அறைக்குப் பின்னால்தான் வாழை நின்றது. ஒரு எட்டு போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து மதுரையிலிருந்து திரும்பியவர், மதினியை மெதுவாகக் கட்டிலில் சாய்த்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குத்தான் போனார். நாங்களும் பின்னால் போனோம். சுட்டெரித்த வெயிலில் கன்றெல்லாம் இலை சுருண்டு, குருத்து கருகி நின்றது. வாய்க்கால் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தினமும் நாங்கள் நிறுத்திய மோட்டார் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் முகம் சிவந்தது. கிணறு அவருக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிக்கும் பொது. பல வருஷம் வெட்டுக்குத்து அளவில் இருந்துவிட்டு, போன பொங்கலுக்குத்தான் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“அவன் வேலதான் இது. நான் இல்லாத நேரம் பாத்து மோட்டார நிப்பாட்டிருக்கான். இன்னிக்கு அவனா நானான்னு பாத்துர்றேன்!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அண்ணன் வரப்பேறிவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“அண்ணே, பங்காளி இல்லண்ணே. நாங்கதான் நிப்பாட்டுனோம். குளிச்சு முடிச்சிட்டு, தண்ணி வீணாப் போகுதேன்னு… எனக்குத் தெரிஞ்சுதாண்ணே நடந்துச்சு.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். சின்ன வயதில் பாத்தியை மிதித்ததற்கே முதுகில் ஒன்று வைத்தவர். இன்றைக்கும் வைப்பார், வைக்கட்டும், இரண்டு அறை விழுந்தால் எனக்கும் நிம்மதி என்று நின்றேன். அவர் மடித்த வேட்டியை மெதுவாக இறக்கிவிட்டார்.

“சரி விடுத்தா. விருந்தாடியா வந்தவகள என்னத்தச் சொல்ல. வெயில்ல நிக்காம மாப்பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ.”

சொல்லிவிட்டு, கருகிய கன்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் குனிந்தேன். “உனக்கெதுக்குத்தா இதெல்லாம்,” என்று என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார்.