சிபியூவை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன்

1. தாலாட்டுக்கு ஆள் தேவை

"இன்ஜினியரம்மா, நீ பாத்த மிஷின் மறுபடியும் தூங்க மாட்டேன்னுது. வந்து தாலாட்டு பாடிட்டுப் போ" என்றார் தனசேகர் போனில்.

திருவொற்றியூரில் எண்ணூர் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு கன்டெய்னர் யார்டுக்கு அவர் மேனேஜர். நான் ராயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இன்ஜினியர். விண்டோஸ் எக்ஸ்பி ஊரெல்லாம் பரவியிருந்த நேரம். ஒரு பெண் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடுவார்கள். அந்தக் கூட்டம் எனக்குப் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

யார்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். உள்ளே வரும் டிரெய்லர்களின் நம்பரை அதில் ஏற்றுபவள் கமீலா, தண்டையார்பேட்டைப் பெண். அவள் நம்பர் ஏற்றும் கேட் புரோகிராமை மூடினால் அன்றைய நாள் முடிந்ததாக அது எடுத்துக்கொள்ளும். அதனால் மதியம் சாப்பிடப் போகும்போது மூடாமல் ஸ்டேண்ட் பை போட்டு, அதாவது கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் தினமும் ஒரு மணி நேரம் கரண்ட் போகும். கம்ப்யூட்டர் தூங்கினால் யூபிஎஸ் தாங்கும். முழித்திருந்தால் இருபதே நிமிடத்தில் பேட்டரி காலி, காலையில் ஏற்றிய என்ட்ரியும் காலி. அப்புறம் வாசலில் டிரைவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்பார்கள்.

முதல் தடவை போனபோது பவர் செட்டிங், பயாஸ் எல்லாம் சரிபார்த்தேன். இரண்டாவது தடவை சிபியூவைக் கழற்றி, மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, கடைக்கே கொண்டுவந்தேன். எல்லா சர்வீஸ் கடையிலும் அதுதான் வழக்கம். மானிட்டரையும் கீபோர்டையும் எவன் சுமப்பான்? ஃபார்மட் அடித்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டேண்ட் பை போட்டால் குறட்டை விடாத குறையாகத் தூங்கியது. திருப்பிக் கொடுக்கும்போது சர்வீஸ் ரிப்போர்ட்டில் கெத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்: நோ ஃபால்ட். யூசர் மிஸ்டேக்.

2. சாப்பாட்டு நேரம்

மூன்றாவது தடவை போனபோது தனசேகர் கையில் அந்த ரிப்போர்ட் இருந்தது.

"உன்னாண்ட இருந்தா நல்லா தூங்குது. இங்க வந்தா முழிச்சிக்கினு கீது. அப்போ பிரச்சினை மிஷின்ல இல்ல, ஆள்ல. திங்கக்கெயம வேற ஆளு வர்றான். இந்தப் பொண்ணு எடைமேடையாண்ட போய் சீட்டு கிழிக்கட்டும்."

எடைமேடை என்றால் வெயிலில் ஒரு தகரக் கூண்டு. கமீலா சாயங்காலம் சாயங்காலமாக கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய்ப் படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள். அவர் அந்தப் பக்கம் போனதும் சொன்னாள்.

"டெய்லி ஸ்டேண்ட் பை போட்டுட்டுத்தான்க்கா எழுந்து போறேன். திரும்பி வந்தா முழிச்சிக்கினு கீது. நான் சொன்னா யாரும் நம்பல. நீங்க எய்தினத நம்பிட்டாங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

"இன்னிக்கு நான் இங்கியே சாப்புடறேன்" என்று சொல்லி அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டேண்ட் பை போட்டேன். மானிட்டர் அணைந்தது. கையைக் கட்டிக்கொண்டேன். கமீலா எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவளுடைய அம்மா செய்த மீன் குழம்பில் எனக்கும் பங்கு கிடைத்தது.

இரண்டாவது வாய் வைப்பதற்குள் வெளியே லோடு ஏற்றிய டிரெய்லர் ஒன்று போனது. ஜன்னல் அதிர்ந்தது, டம்ளர் தண்ணீர் நடுங்கியது, மேஜையும் சேர்ந்து ஆடியது. மானிட்டர் பளிச்சென்று எரிந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு பேர் கையிலும் சோறு.

குனிந்து பார்த்தேன். மேஜைமேல் கண்ணாடி போட்டிருந்தது. அதன்மேல் அடியில் சிவப்பு விளக்கு எரியும் புது ஆப்டிகல் மவுஸ்.

"இது எப்போ வந்துது?"

"ரெண்டு மாசமாச்சு. சார்தான் ஆசையா வாங்கினு வந்தாரு. பேட் வேணாம், கண்ணாடி மேலயே ஓடும்னு கடைக்காரன் சொன்னானாம். பழைய மவுஸையும் பேடையும் தூக்கிக் கடாசிட்டாரு."

கம்ப்ளெயின்ட் வந்ததும் ரெண்டு மாசமாகத்தான். ஆப்டிகல் மவுஸுக்குக் கண்ணாடி ஆகாது. வெளிச்சம் வழுக்கும். அந்த நேரம் மேஜையும் அதிர்ந்தால், மவுஸ் தன்னை யாரோ நகர்த்தியதாக நினைத்துக் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும். என் கடையில் இருந்ததோ பந்து வைத்த பழைய மவுஸ், கீழே ரப்பர் பேட். நான் சிபியூவைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றியபோது, குற்றவாளி ஏசி ரூமில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

3. இரண்டு கையெழுத்து

தனசேகரைக் கூப்பிட்டேன். மவுஸுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்டேண்ட் பை போட்டேன். மூன்று டிரெய்லர் போனது. கம்ப்யூட்டர் அசையவில்லை. தாளை உருவினேன். நாலாவது டிரெய்லருக்கு எழுந்துகொண்டது.

அவர் காதைச் சொறிந்தார். "அப்போ நான் வாங்கினு வந்ததுதான் இத்தினி நாளா பேஜாரு பண்ணிக்கினு கீதா?"

"ஆமா சார்."

"சரி, நான் வாங்கினது தப்பு. நீ எய்தினது?"

மனிதர் கேட்டது நியாயம்தான். ரிப்போர்ட்டை வாங்கி 'யூசர்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'இன்ஜினியர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். மவுஸ் இனிமேல் கம்ப்யூட்டரை எழுப்பக் கூடாது என்று செட்டிங்கிலும் ஒரு டிக்கை எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வர இருந்த ஆளுக்கு தனசேகர் அங்கிருந்தே போன் செய்து வேண்டாம் என்றார். கமீலா டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தையும் கழுவியிருந்தாள்.

அதற்கப்புறம் எந்த ஆபீஸுக்குப் போனாலும் யூசர் உட்காரும் நாற்காலியில், அவர் உட்காரும் நேரத்தில், ஒரு மணி நேரமாவது உட்காராமல் நான் ரிப்போர்ட் எழுதியதில்லை. சிபியூ எடுத்தால் மவுஸையும் பையில் போட்டுக்கொள்வேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான்.

அடுத்த மாதம் பிரிண்டர் பார்க்க அதே யார்டுக்குப் போனேன். கமீலா தன் மேஜையில் ஒரு தாளை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். அதன்மேல் மவுஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்ததும் படித்தேன். நோ ஃபால்ட். இன்ஜினியர் மிஸ்டேக். கூடவே என் இரண்டு கையெழுத்தும்.

"சார் புது பேட் வாங்கித் தரேன்னாருக்கா" என்றாள். "நான் வேணாம்னுட்டேன்."