எஸ்டிமேட்டில் இல்லாத விறகு

1. முதல் நாள்

கொழிஞ்சாம்பாறையில் ஓர் அரிசி மில்லின் முன்னறைதான் எங்கள் அறக்கட்டளையின் ஆபீஸ். நான் செயலாளராகச் சேர்ந்த அன்று மில் முதலாளி என்னை உட்காரவைத்து ஒரே ஒரு விதியைச் சொன்னார்.

"ஐரோப்பா பத்தி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மட்டுந்தான் காசு. அதுவும் இந்தக் காலத்து ஐரோப்பா. ராசா ராணி கதையெல்லாம் வேண்டாம்."

ஊரில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போனவர். அங்கே காலில் அடிபட்டுக் கிடந்தபோது ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டிருக்கிறது. அவர்கள் வாரத்துக்கு உழுதவர்கள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போய்விடும். மீதிப் பாதியில் தனக்கும் பங்கு வைத்தார்களே என்று அவர் அப்போதெல்லாம் அடிக்கடி சொல்வார். அந்த ஜனங்களைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை.

சந்தைக்கு வருகிறவர்கள் ஜன்னல் வழியாக என்னைச் சீண்டுவார்கள். "ஏனுங்க சார், இங்க குடிக்கத் தண்ணியில்ல. ஐரோப்பாவுக்குக் காசு குடுக்கறீங்களாமா?" எனக்கும் முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பழனிச்சாமி வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

2. எஸ்டிமேட்

பழனிச்சாமியின் அம்மா ராமாத்தாள் தோப்பு வேலைக்குப் போகிறவர். அப்பா இல்லை. சித்தூரில் பி.ஏ., மெட்ராஸில் எம்.ஏ. முடித்தவன். இத்தாலியின் வாரக்குடிகள் போருக்குப் பின் நிலத்தை விட்டுப் பட்டணம் போனது ஏன் என்பதுதான் அவன் ஆய்வு. கோயம்புத்தூரில் ஓர் இத்தாலியப் பாதிரியாரிடம் போய்ப் போய் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் அங்கே தங்கி ஆவணங்களைப் படித்தால்தான் தீஸிஸ் முடியும்.

அங்குள்ள பேராசிரியர் என்னென்ன செலவாகும் என்று எழுதி அனுப்பியிருந்தார். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அறை வாடகை, சாப்பாடு, ஆவண நகல். அடுத்தது, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க எரிபொருள்.

பட்டாளத்தார் கையை உயர்த்தி நிறுத்தினார். "எரிக்கறதுக்குக் காசா? நம்மூர்ல ஆராச்சும் வெறகுக்குக் காசு குடுப்பாங்களா? தோப்புல கெடக்கற தென்ன மட்டையப் பொறுக்குனா ஒரு மாசத்துக்கு ஆவும்."

"நீங்க அங்க இருந்தவராச்சுங்களே, குளிரு எப்படிங்க?" என்றேன்.

"குளுருந்தான். பட்டாளத்துல கோட்டுக் குடுத்தான், கணப்புப் போட்டான். நான் எங்க காசு குடுத்தேன்?"

பழனிச்சாமி முந்திக்கொண்டான். "அது வேண்டாங்க ஐயா. அந்தக் காசுல இன்னும் ரெண்டு மாசம் சேத்திப் படிச்சுக்கறேன். நகலும் நெறையா எடுக்கோணும். மெட்ராஸ் வெயில்லயே ஃபேன் இல்லாம இருந்தவனுங்க நானு."

"ஃபேனுக்கும் குளுருக்கும் என்னடா சம்பந்தம்?" என்று பட்டாளத்தார் சிரித்தார். மூவரும் சிரித்தோம். அந்த வரியை அடித்தோம். பட்டாளத்தாரே பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் நல்ல கனத்த கம்பளி ஒன்று வாங்கி வந்தார். பையனுக்குக் குறைவைக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த வரி போக மீதித் தொகைக்குத்தான் அன்னியச் செலாவணி அனுமதியும் வாங்கினோம்.

3. ஒலவக்கோட்டு ஸ்டேஷன்

முதல் குளிர்காலத்தில் அவன் கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது. "குளிர் இருக்கிறது, சமாளிக்கிறேன்." மற்றதெல்லாம் ஆவணங்கள் பற்றி. இரண்டாவது குளிர்காலத்தில் கடிதம் பேராசிரியரிடமிருந்து வந்தது. பழனிச்சாமி நுரையீரல் நோயால் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பயணம் செய்யும் அளவு தேறியதும் ஊருக்கு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்.

சித்திரையில் வந்தான். ஒலவக்கோட்டு ஸ்டேஷனில் எல்லோரும் துண்டால் விசிறிக்கொண்டிருக்க, அவன் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினான். முதலில் எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

டாக்சியில் கேட்டேன். "ஏப்பா, ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?"

"நான்தானுங்களே வேண்டாம்னேன். வேண்டாம்னு சொல்லிப்போட்டுத் திருப்பி எப்படிங்க கேக்கறது?"

"ராத்திரியெல்லாம் என்ன பண்ணுவே?"

"கம்பளியப் போத்திக்கிட்டு எழுதுவேன். வெரல் வெறைச்சுப் போயிரும். கக்கத்துல வெச்சுச் சூடு பண்ணிக்கிட்டு மறுக்கா எழுதுவேன்." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. அடங்கியதும், "மூணு அத்தியாயம் முடிஞ்சுதுங்க சார். இன்னும் ரெண்டுதான்," என்றான்.

அந்த இரண்டு முடியவில்லை. ஐப்பசி மழையின்போது அவன் போய்விட்டான்.

4. கம்பளி

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் ராமாத்தாள் ஆபீசுக்கு வந்தார். வெளியிலேயே நின்றார். கையில் கம்பளி, துவைத்து மடித்தது.

"ட்ரஸ்ட்டுச் சாமானுங்க. ஊட்டுல வெச்சுக்கப்படாதுங்களே."

பட்டாளத்தார் உள்ளே இருந்தார். எழுந்து வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க சார், அந்த ஊர்ல மட்டை கெடைக்காதுங்களா?" என்று ராமாத்தாள் என்னைக் கேட்டார்.

"தென்னையே இல்லைங்கம்மா. வெறகு, கரி எல்லாம் காசு குடுத்துத்தான் வாங்கோணும்."

அவருக்கு அது புதிய சேதி. "ஊட்டுக்குப் பொறத்தால மட்டையும் பாளையும் மழையில நனைஞ்சு மக்கிக் கெடக்குதுங்க சாமி," என்றார்.

மகன் போனதற்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பட்டாளத்தார் அதற்குப் பிறகு இத்தாலியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

5. இப்போது

ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் இந்த வேலைக்கு இனி வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. தலைப்பு நல்லதா, வழிகாட்டி யார், எத்தனை அத்தியாயம் என்பதெல்லாம் எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பிள்ளை எங்கே படுக்கும், எதைப் போர்த்தும், எதை எரிக்கும் என்று நீங்கள் கேளுங்கள். நம் ஊரில் காசில்லாமல் கிடைப்பது எது எது என்று யோசித்து, அதையெல்லாம் அங்கே விலை போட்டுப் பாருங்கள். முக்கியமாக, வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் நாம் அவர்களை வளர்த்திருக்கிறோம்.

எங்கள் எஸ்டிமேட்டில் இப்போது முதல் இனம் எரிபொருள். பட்டாளத்தார் அதற்குப் பக்கத்தில் மட்டும் தனியாக ஒரு கையெழுத்துப் போடுவார்.

இதை நான் எழுதக் காரணம் என் மகள். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, ஜெர்மனியின் சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். வேறொரு நிதியிலிருந்து உதவி கிடைத்துவிட்டது. அப்பாவின் சம்மதக் கையெழுத்துதான் பாக்கி. எத்தனையோ வீட்டில் பெற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிக் கையெழுத்து வாங்கியவன் நான். என் பேனா எழவில்லை.

"உனக்குக் கணப்புக்கு எவ்வளவு போட்டிருக்காங்க?" என்று தினமும் கேட்கிறேன். "அப்பா, நேத்தே சொன்னேனே" என்கிறாள்.

போன வாரம் ராமாத்தாள் வீட்டுக்குப் போனேன். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பில் ஒரு மட்டையை உள்ளே தள்ளிவிட்டு, புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படிக்கோணும்னு கேக்கற புள்ளைய நிறுத்தாதீங்க சார். அனுப்புங்க. கம்பளிய நம்பி மட்டும் அனுப்பாதீங்க."