கவுதாரியின் முகம்

பின்பக்கம் ‘படபட’வென்று ஒரு சத்தம். இருட்டி வெகுநேரமாகிறது, கணவர் தறிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை, நான் எழுந்து பார்க்கப் போவதில்லை; பயம் தெரியாமலிருக்க இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டுப்புடவை டிசைனுக்காகப் பறவைகளைப் படம் பிடிப்பது என் வேலை. கவுதாரி கிளம்பும் நொடியைப் பிடிக்க முயன்று தோற்றவர்களுக்கு என் பாடு புரியும். நம் காலடி நெருங்கும் வரை புதரில் மூச்சுவிடாமல் கிடக்கும். மிதிக்கப் போகும்போது வெடிபோல் கிளம்பும். நானோ குக்கர் விசிலுக்கே துள்ளுகிறவள்.

முதல் நாள்

சேவூர் வரப்பில் ஒன்று கிளம்பியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கான்வென்ட் பழக்கத்தில் “சாரி!” என்று கத்திவிட்டேன். விரல் மட்டும் கடமை தவறாமல் பட்டனை அழுத்தியிருந்தது. படத்தைப் பார்த்த கணவர் சொன்னார்: “நீ மன்னிப்பு கேட்டது அதுக்குக் கேட்டிருக்கும். உன் செருப்பு நல்லா வந்துகீது.”

இருபது வால்

பிறகு கொஞ்சம் தேறினேன். ஆனாலும் நான் கண் திறப்பதற்குள் அது பத்தடி போயிருக்கும். கல்யாணப் புடவையின் முந்தானையில் பறக்கும் கவுதாரி கேட்டு ஓர் ஆர்டர் வந்திருந்தது. என் படம் சேலையில் ஏறப்போவது அதுதான் முதல் தடவை. ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடும் மாஸ்டர் என் இருபது படங்களையும் கம்ப்யூட்டரில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “ஏம்மா, முந்தானை பூரா பின்பக்கமா வெச்சா கல்யாணப் பொண்ணு எப்படிம்மா கட்டும்? வெள்ளிக்கிழமைக்குள்ள மூஞ்சியோட ஒண்ணு குடு. இல்லன்னா பழைய அன்னத்தையே போட்டுடறேன்.”

வியாழக்கிழமை

முகம் வேண்டுமென்றால் பறவை நம்மை நோக்கி வர வேண்டும். வேர்க்கடலைக் கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து பறவையைக் கிளப்பிவிடக் கணவர் நடந்து வந்தார். இந்தக் கோடியில் நான். மடியில் நான்கு வயது மகள். வீட்டில் விட்டுவர ஆளில்லை. நல்லவேளை! அவள் பயந்துவிடுவாளோ என்ற கவலையில் என் பயம் மறந்துபோனது.

“எழும்புது!” என்று அவர் கத்தினார். இரண்டு இறக்கையும் விரித்துக்கொண்டு, கோடு போட்ட மார்போடு, நேரே என் மூக்கை நோக்கி வந்தது! அழுத்திக்கொண்டே இருந்தேன். தலைக்கு மேல் அது போனதும் மகள் கைதட்டினாள்: “அம்மா, நீ கண்ணை மூடவே இல்ல!”

இன்று

மாஸ்டர் மாதிரித் துண்டு நெய்து அனுப்பியிருக்கிறார். ஜரிகையில் என் கவுதாரி, மூஞ்சியோடு! மகள் அதைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். இப்போது அந்தப் ‘படபட’ அவளை எழுப்பிவிட்டது. நான் தடுப்பதற்குள் ஓடி, வெறுமனே சாத்தியிருந்த பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “அப்பாவோட மழைக்கோட்டும்மா. கொடியில ஆடிகினு கீது.”

முகத்துக்கு நேரே வந்த கவுதாரியைக் கண் கொட்டாமல் பிடித்தவள், ஒரு மழைக்கோட்டுக்குப் பயந்து இவ்வளவும் எழுதித் தீர்த்துவிட்டு, இப்போதுதான் எழுந்துபோய் அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன்.