எந்த ராத்திரி பௌர்ணமி

கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டினால் அந்த நொடியே அது உலகம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் வெப்சைட் பயிற்சியின் முதல் நாள், இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி, மழமழவென்று சவரம். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் தலையை ஒருமுறை வாரிக்கொண்டேன். அமெரிக்காவிலிருந்து எவனாவது பார்த்து, யார் இந்தப் பரதேசி என்று கேட்டுவிடக் கூடாதே.

எனக்கு ஐம்பத்தொரு வயது. கிரிவலப் பாதையை ஒட்டிய சின்ன லாட்ஜ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் பத்து அறை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இன்னோர் அறை இருந்தது. அதில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த வீடு அது. வேலை போனால் அதுவும் போகும்.

பயிற்சிக்கு அனுப்பியது முதலாளிதான்.

"இன்னாப்பா, எல்லாரும் போன்லயே பாத்து ரூம் புக் பண்றான். நம்ம லாட்ஜ் இருக்கறதே எவனுக்கும் தெரியல. வேங்கிக்கால்ல இருபது நாள் கிளாஸ் நடத்துறாங்களாம். போயி கத்துக்கினு வந்து நமக்கு ஒண்ணு பண்ணிக் குடு."

"இந்த வயசுல எனக்கு எதுக்கு முதலாளி?"

"கத்துக்கலன்னா வேற ஆளப் பாக்கணும்ப்பா. நான் இன்னா பண்றது?"

கோபமே இல்லாமல், காது குடைந்தபடி சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ராத்திரி சோறு போட்டுக்கொண்டே என்ன விஷயம் என்று மனைவி கேட்டதற்கு, "இந்த வயசுல ஸ்கூல் சேத்திருக்காங்க, புது டவுசர் எடுக்கணும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வகுப்பு ஒரு சிமென்ட் கடையின் மாடியில். சொல்லிக்கொடுத்தது கண்ணாடி போட்ட ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். படிக்க வந்தவர்களும் அதே வயதுதான், என்னையும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு தையல்காரம்மாவையும் தவிர. அந்தம்மா தன் ஜாக்கெட் டிசைன்களைப் போட ஒரு வெப்சைட் வேண்டும் என்று வந்திருந்தார். கிழங்கள் இரண்டும் ஒரே பெஞ்சு.

மூன்றாம் நாள் நான் லாட்ஜையே அழித்துவிட்டேன். அதாவது, அப்படி நினைத்தேன். காலையிலிருந்து கஷ்டப்பட்டு வைத்த வாசல் படம், அறைப் பட்டியல் எல்லாம் ஒரே தட்டில் காணாமல் போயின. யாரிடமும் சொல்லாமல் எழுந்து, படியிறங்கி, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். முதலாளியிடம் என்ன சொல்வது, மனைவியிடம் என்ன சொல்வது, பாத்திரங்களை எந்த வண்டியில் ஏற்றுவது என்பது வரை யோசித்து முடித்திருந்தேன். தையல்காரம்மா தேடிக்கொண்டு வந்தார்.

"இன்னாண்ணா, யூரின் பாஸ் பண்ணப் போனவரு அப்படியே ஊருக்குப் போயிட்டீங்களோன்னு பாத்தேன்."

"எல்லாம் போச்சும்மா."

"ஒண்ணும் போவல. சுருங்கி அடியில குந்திக்கினு இருக்கு. ஒரு தட்டு தட்டுனா வந்துடும். வாங்க."

வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு வேலை கொடுத்தாள். உங்களிடம் வருகிறவர்கள் அதிகமாக என்ன கேட்பார்களோ அதற்கு ஒரு பக்கம் செய்யுங்கள் என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக போனில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: கிரிவலம் எந்த ராத்திரி?

காலண்டரில் முழு நிலா ஒரு தேதியில்தான் இருக்கும். ஆனால் திதி முந்தின நாள் சாயங்காலமே பிறந்துவிடும், அல்லது நடுப்பகலில் பிறக்கும். காலண்டர் தேதியை நம்பி வருகிறவர்கள், ஊரே சுற்றி முடித்துப் படுத்த பிறகு பையோடு வந்து நிற்பார்கள். அதனால் சென்னையோ சித்தூரோ, விவரம் தெரிந்தவர்கள் முதலில் எனக்குப் போன் செய்வார்கள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து, இரண்டு நாளில் எந்த ராத்திரிக்கு அறை போட வேண்டும் என்று சொல்வேன். அறையும் என்னிடமே போடுவார்கள். அந்த லாட்ஜில் எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது ஒன்றுதான்.

அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்குப் போட்டு, அழகாகக் கட்டம் கட்டி ஏற்றினேன். ராத்திரியைத் தொட்டால் நேரே புக்கிங்குக்குப் போகும். அந்தப் பெண் மொத்த வகுப்பையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சார், இனிமே நீங்க யாருக்கும் போன்ல சொல்லவே வேணாம். பேஜே சொல்லிடும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் கீழே போய் மசால்வடை வாங்கி வந்தேன். தையல்காரம்மா மட்டும் வடையைப் பிட்டுக்கொண்டே என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களே, அப்புறம் உங்கள எதுக்குண்ணா கேப்பாங்க?"

"நீங்க எழுதல?"

"நான் டிசைன் போட்டேன். துணி வெட்டற கட்டிங்கப் போடல."

பொறாமை என்று நினைத்தேன். அப்படித்தான் மனைவியிடமும் போய்ச் சொன்னேன்.

வெப்சைட் வந்த பிறகு முதல் பௌர்ணமிக்குப் பத்து அறையும் நிரம்பின. கவுன்ட்டர் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. பழுதாகியிருக்கும் என்று என் செல்லிலிருந்து நானே அதற்குப் போன் செய்தேன். அடித்தது. எடுத்து "ஹலோ" என்றும் சொன்னேன். எனக்கு நானே அறை இல்லை என்று சொல்லி வைத்திருக்கலாம்.

நாலு நாள் கழித்து முதலாளி வந்தார்.

"சூப்பராப் பண்ணியிருக்கப்பா. எம் பொண்ணு ரொம்ப மெச்சுது. சென்னையில இருந்தே புக்கிங்க நானே பாத்துக்கறேன்னுது. சாவி குடுக்க பெருக்கற அம்மா இருக்காங்க."

"அப்ப நான் முதலாளி?"

அவர் கவுன்ட்டர் மேல் இருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து மூடினார்.

"அடுத்த பௌர்ணமிக்குள்ள பின்னாடி ரூமக் காலி பண்ணிடு. இப்பவே அவசரம் இல்ல. ஆனா போறதுக்கு முன்னாடி அந்த ரூமையும் வெப்சைட்ல சேத்து உட்டுடு. உனக்குத்தான தெரியும்."

வேறு ஆளைப் பார்க்கவில்லை அவர். ஆளே வேண்டியிருக்கவில்லை.

போட்டோவுக்காக எங்கள் அறையில் மனைவி கொடிக்கயிற்றை அவிழ்த்தாள், அடுப்பை வெளியே வைத்தாள், சாமி படங்களை இறக்கினாள். படம் மாட்டியிருந்த இடங்கள் சுவரில் வெளுப்பாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அவை விழாதபடி, ஜன்னல் வெளிச்சம் கட்டில் மேல் வருகிற மாதிரி நின்று போட்டோ எடுத்தேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வுழுறனா அதுல?"

"இல்ல, கொஞ்சம் தள்ளி நில்லு."

அறை எண் 11, இருவர் தங்கலாம் என்று எழுதி ஏற்றினேன். ஒரு தப்பு இல்லை. அன்று சாயங்காலமே யாரோ அதைப் பௌர்ணமிக்கு புக் செய்துவிட்டார்கள், சரியான ராத்திரிக்கு. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் அடி அண்ணாமலையில் ஒரு வாடகை அறைக்குப் போனோம்.