சொந்த வார்த்தையில் எழுதுக

அந்துவானுக்கு உலகத்தில் செய்யத் தெரியாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது. மற்றதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

திங்கள் முதல் சனி வரை அவர் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஒயரை எடுத்துக் கொடுப்பார், ஓடாத மீட்டரைத் தட்டிப் பார்ப்பார். “அந்துவான், ஃபேனைப் போடு” என்பதற்கு மேல் அங்கே யாரும் அவரிடம் பேசுவதில்லை. வாரமெல்லாம் அடக்கி வைத்த அத்தனை ஞானமும் ஞாயிறு பூசை முடிந்ததும் மடை திறந்து பாயும். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்குப் பைபிள் சொல்லித்தரும் மறைக்கல்வித் தலைமையாசிரியர். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், ஊர் வம்பு நமக்கெதற்கு? வீடு நெல்லித்தோப்பில் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

மகள் ஜோஸ்லின் ஏழாம் வகுப்பு. வாய் சும்மா இருக்காது.

“அப்பா, நோவா பேழையில மீனு இருந்துச்சா?”

“எல்லா ஜீவராசியும் ஜோடி ஜோடியா இருந்துச்சு.”

“வெள்ளம் வந்தா மீனுக்கு என்னாப்பா? அது பாட்டுக்கு நீந்திக்கினு போவாதா?”

அந்துவான் கொஞ்சமும் தயங்கவில்லை. “அது மழைத்தண்ணி. கடல் மீனுக்குச் சளி புடிச்சுக்கும்.”

வைத்திக்குப்பத்து மீனவர்களிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் வலையைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அடுப்படியிலிருந்து மனைவி பிலோமின், “அந்த மீனுக்கு யாரு வெந்நீர் வெச்சுக் குடுத்தாங்கன்னு கேளுடி, அதுவும் தெரியும் அவருக்கு” என்றாள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள் ஒரு பங்கு; எல்லாப் பங்குப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஆண்டுக்கொருமுறை மறைக்கல்வித் தேர்வு நடக்கும். ஜெயிக்கிற பங்குக்குச் சுழற்கேடயம். இரண்டு வருடமாக அது அந்துவானின் கையில். மூன்றாம் வருடமும் வாங்கிவிட்டால் கேடயம் கோயிலுக்கே சொந்தம், இந்த வருடம் முதல் ஜெயிக்கிற வாத்தியாருக்கு மேடையில் பொன்னாடையும் உண்டு. பொன்னாடையை நினைத்தாலே மனுஷனுக்குத் தூக்கம் வராது. ஆய்வுக்கூடத்தில் ஃபேன் போடுகிறவனுக்கு வேறு யார் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள்? தச்சரிடம் சொல்லிக் கேடயத்துக்குக் கண்ணாடிப் பெட்டிகூடச் செய்து வைத்துவிட்டார். தொட்டில் ஆடுகிறது, பிள்ளைதான் இன்னும் பிறக்கவில்லை.

இந்த வருடப் பாடம் சாலமோன். வேண்டியதைக் கேள் என்று கடவுள் சொன்னபோது, பொன்னைக் கேட்காமல் ஞானத்தைக் கேட்ட அரசர். ‘உன்னிடம் கடவுள் அப்படிச் சொன்னால் என்ன கேட்பாய்? சொந்த வார்த்தையில் எழுதுக’ என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும் என அந்துவான் மோப்பம் பிடித்துவிட்டார்.

“சொந்த வார்த்தையிலதான் எழுதணும். அந்தச் சொந்த வார்த்தைய இப்ப நான் சொல்றேன், எல்லாரும் எழுதிக்குங்க” என்றார். சாலமோனின் மன்றாட்டை அப்படியே ஒப்பித்தார். “ஆண்டவரே, என் தந்தை தாவீதுக்குப் பின் என்னை அரியணையில் அமர்த்தினீர்...”

ஜோஸ்லின் எழுந்தாள். “எங்கப்பா பேரு அந்துவானாச்சே?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“உக்காரு. தெய்வ பயம்தான் ஞானத்துக்கு வாசல். பயம் இருக்கிற பிள்ள கேள்வி கேக்காது.”

“சாலமோன் ஏன் ஞானம் கேட்டாரு? அவருக்குத் தெரியலன்னுதானே?”

“ராஜாவுக்குத் தெரியாதது உண்டா? சும்மா ஒரு பணிவுக்குக் கேட்டாரு. மனப்பாடம் பண்ணு!”

தேர்வில் அதே கேள்வி வந்தது. அந்துவான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

பரிசளிப்பு நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் அந்துவான், பக்கத்தில் ஜோஸ்லின். தாள் திருத்திய மாசேர், வயதான கன்னியாஸ்திரி, மைக்கைப் பிடித்தார்.

“ஒரு பங்குல எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்பா பேரு தாவீது. ஊருக்கே ஒரே அப்பாவா? எனக்கு மயக்கமே வந்துடுச்சு. இது சொந்த வார்த்தையா? மார்க்கு கெடையாது.”

அரங்கம் அதிர்ந்தது. அந்துவான் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆனா, அதே பங்குல ஒரே ஒரு புள்ள மட்டும் வேற எழுதியிருக்கு. அதுக்குத்தான் முதல் பரிசு” என்று மாசேர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: “‘எனக்கு ஞானம் வேண்டாம். எங்கள் வீட்டில் அப்பாவிடம் நிறைய இருக்கிறது. அவர் ஒருமுறையாவது எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேட முடியும்.’ சாலமோன் கேட்டத இந்தப் புள்ளதான் புரிஞ்சிக்கிட்டிருக்கு. பேரு சொல்ல மாட்டேன். புள்ள வீட்டுக்குப் போவணும்ல? பரிச அப்புறம் தனியாக் குடுக்கறேன்.”

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கேடயம் அடுத்த பங்குக்குப் போனது. அதை வாங்கிக்கொண்டு இறங்கிய செலஸ்தேன் வாத்தியார், பொன்னாடை தோளில் புரள, நேராக அந்துவானிடம் வந்து நின்றார்.

“உங்க பங்குப் புள்ளயாமே சார்! யாரு அது? உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

சுற்றியிருந்த தலையெல்லாம் திரும்பியது. அந்துவான் மகளைப் பார்க்கவில்லை.  உள்ளே வந்தது வெட்கமா, கோபமா, அழுகையா, அவருக்கே பிடிபடவில்லை.

“எனக்குத் தெரியாது” என்றார்.

ஜோஸ்லின் வாயைப் பிளந்தபடி அப்பாவையே பார்த்தாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழக்கமாகப் பாதி வழியில் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நூறு கேள்வி கேட்பவள், இன்று நெல்லித்தோப்பு நெருங்கும்போதுதான் அவர் காதருகே குனிந்தாள்.

“அப்பா, பொய் சொல்லாதேங்கிறது எத்தனாவது கட்டள?”

பத்தையும் தூக்கத்தில்கூடத் தலைகீழாக ஒப்பிப்பவர் அந்துவான். வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.