பேனர் இல்லாத தேங்காய்க் குவியல்

தைப்பூச ரதம் வரும் வழியில், பினாங்கில் தேங்காய்களை மலை மலையாகக் குவித்து உடைப்போம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ் கம்பெனி என் அண்ணனுடையது. வருஷா வருஷம் அவர் குவியலுக்கு மேல் கம்பெனி பேனர் பளபளக்கும். "என் கையை நம்பித்தான்லா எல்லாம் ஓடுது" என்பார்.

போன வருஷத்துப் படத்தில் எல்லாரும் ரதத்தைப் பார்த்துக் கும்பிட, அண்ணன் மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டி, பேனருக்கடியில் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

இந்த வருஷம் அதே அளவு குவியல், ஆனால் பேனர் இல்லை. பக்கத்துக் குவியல்காரர்கள் தங்கள் பேனரை எங்கள் தேங்காய்களுக்கும் சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் போனேன்.

"விடுலா தம்பி, யாரு பேரு இருந்தா என்ன? சாமிக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன்.

அந்த மனசு எனக்கு எங்கே வரும்! கத்திக்கொண்டே இருந்தேன். மேளச் சத்தம் காதை அடைத்தபோதுதான் திரும்பினேன். ரதம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கண்கலங்கக் கும்பிட்டு நின்றார்.

இந்த முறை சாமிக்கு முதுகைக் காட்டி நின்றது நான்தான்.