ஒரு வரி முன்னால்

சபையில் அவளுக்குப் பேர் ஸ்லைடு அக்கா. பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது அவள் வேலை. ஜனங்கள் ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் போதும், கூட்டமே பின்னால் திரும்பி முறைக்கும். அதனால் மற்றவர்கள் கண்ணை மூடிக் கையைத் தூக்கி உருகும்போது, இவள் மட்டும் கண்ணை அகல விரித்துக்கொண்டு எப்போதும் ஒரு வரி முன்னால் நிற்பாள்.

வார நாட்களில் பல் டாக்டரிடம் வேலை. "அடுத்தவங்க உள்ள போங்க" என்று ஊரையே உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே உத்தியோகம்தானா என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. சாட்சி நேரத்தில் ஆளாளுக்கு எழுந்து, "கர்த்தர் என்னைத் தொட்டார்" என்கிறார்கள். ஒரே ஒரு தடவை தன்னையும் தொட்டால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?

அந்த ஞாயிறு துணிந்துவிட்டாள். முன்னால் புருஷன் கிதாரோடு புதுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். 'உம் மூச்சு என்மேல் படும் தூரத்தில் வாரும்' என்ற வரி வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

முதுகு அரித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த வரி யாருக்கும் தெரியாது, புருஷனுக்கும் தெரியாது. திரையில் இருந்ததையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். விசும்பல் கேட்டு அவள் கண்ணைத் திறந்தால், சபையே முழங்காலில் கிடந்தது. பிரசங்கம் முழுக்க வாட்சையே பார்க்கும் பொருளாளர்கூடத் தேம்பிக்கொண்டிருந்தார். பாஸ்டர் மைக்கைப் பிடித்து, "ஆவியானவர் நம்மை இந்த வரியிலேயே நிறுத்திட்டார்!" என்றார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், புருஷன் வீங்கிய கண்ணோடு அவளிடம் வந்தான். "இன்னைக்கு மாதிரி என்னைக்குமே இல்ல, பாத்தியா?"

"நிறுத்தினது நான். கண்ணை மூடிட்டேன்."

"அவர்தான் மூட வச்சிருப்பாரு."

"ஓஹோ, நான் செஞ்சதுக்கும் அவருக்குத்தான் பேரா? எல்லாரையும் விழுந்து அழ வச்சாரே, எனக்கு முதுகு அரிச்சதுதான் மிச்சம்!"

"மெதுவாப் பேசும்மா. சபை இது."

"சபையில கேக்காம வேற எங்க போய்க் கேக்குறது?"

அவன் ஒயரைச் சுருட்டப் போய்விட்டான். அந்த வரி இன்னும் திரையில் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏன், என் பக்கம் வந்தா வாய் நாறுதா? பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறவ நான்! இத்தனை பேர்கிட்ட வந்தியே, கடைசி வரிசை வரைக்கும் வர உனக்குக் கால் வலிக்குதா?"

"யார்கிட்டம்மா கத்துறே?"

"உங்ககிட்ட இல்ல. நீங்க போய் வண்டியை எடுங்க, வரேன்."

லேப்டாப்பை அறைந்து மூடினாள். திரை இருண்டது. விறுவிறுவென்று முன்வரிசைக்கு நடந்துபோய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் யாரோ மறந்து விட்டுப்போன குடை கிடந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.